பின்வாசல் சாவியின் பித்தளை வில்லை

கிராட்லி ஹீத்,
அக்டோபர் 1991, ஞாயிறு.

அன்பு மகள் ஹேசலுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பதறிப்போய் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுவாய். நீயும் மாப்பிள்ளை கிரெய்கும் என் பேத்தி குட்டி நெல்லும் அடிலெய்டு வெயிலில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், நெல்லுக்குத் தொப்பி போடாமல் வெளியே விடாதே. உங்கப்பாவுக்கு முட்டிவலி தேவலை. தோட்டத்தில் லீக் வெங்காயத் தண்டெல்லாம் இந்த வருஷம் என் மணிக்கட்டுப் பருமன் வந்திருக்கிறது. ஆனால் நேற்று மத்தியானத்திலிருந்து நானும் அவரும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ரேடியோகூடப் போடவில்லை, நான் அடுக்களையில் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

எல்லாம் அந்த மோட்டார் சைக்கிளால் வந்தது. தொழிற்சாலையை மூடிய பிறகு உங்கப்பா எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும், காலையில் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், தாடியைக்கூட வழிக்க மாட்டார். அப்புறம்தான் ஸ்டாஃபோர்டு பழைய சாமான் சந்தையில் அந்தத் துருப்பிடித்த குவியலை வாங்கிவந்து பின்னறையில் கொட்டினார். சாதாரண பி.எஸ்.ஏ. கம்பெனி மோட்டார் சைக்கிள் என்று சொல்லித்தான் விற்றான், எவனோ வேலிக்கு அடிக்கிற கறுப்புப் பெயின்ட்டைச் சக்கரம் முதற்கொண்டு அப்பியிருந்தான். ஒருநாள் சுரண்டிக்கொண்டிருந்தவர் ஈனிட் ஈனிட் என்று என் பேரைச் சொல்லி அலறினார், விரல்தான் போச்சு என்று ஓடினேன். என் விரலைப் பிடித்து வண்டியின் அடிக்குழாயில் வலப்பக்கம் தேய்த்துக் காட்டுகிறார், அங்கே ஒரு நெளிவு. "இடிபட்ட நெளிவுன்னு நெனச்சியா? ஆயில் பம்புக்கு இடம் விட்டுக் கம்பெனியிலேயே நெளிச்சது. இது சாதா வண்டி இல்லடி, கோல்டு ஸ்டார், பந்தயத்துக்குன்னு செஞ்சது!" என்றார். அன்றைக்குத் தாடி வழித்தவர், அதற்கப்புறம் ஒருநாள் தவறவில்லை. அதனால்தான் உணவு மேசையைத் தூக்கி மாடியில் போட்டபோதும் நான் வாய் திறக்கவில்லை. வண்டி முழு உருவமாக எழுந்து நின்ற பிறகுதான் தெரிந்தது, அது பின்வாசலைத் தாண்டினாலும் சந்து முனையில் திரும்பாது. மீதி இருப்பது முன்வாசல், கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் நம் தெருவில் திறக்கிற வாசல், அது பாட்டியின் சவப்பெட்டி போன நாளோடு உப்பி இறுகிவிட்டது. வீட்டை இடிச்சாத்தான் வெளிய வரும் வில்ஃப் என்று பக்கத்து வீட்டு ஆக்னஸ் கேலி பேசுவாள், உங்கப்பா சிரிப்பார்.

போன மாதம் பழைய மோட்டார் சைக்கிள் கிளப்பிலிருந்து ரெக்ஸ் என்கிறவர் வந்தார். வண்டி எந்த வருஷத்தது என்று அவர் பார்த்து எழுதிக் கொடுத்தால்தான் நம்பர் பலகை கிடைக்குமாம். நான் எலுமிச்சை கேக் செய்து வைத்திருந்தேன், அவர் தொடவில்லை. வண்டியின் இரும்புச் சட்டத்தில் கொத்தியிருந்த எண்ணின் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வில்ஃப், வண்டி அசல்தான். நம்பர் அசல் இல்ல. இந்த இடத்துல அரம் போட்டு வழிச்சுட்டு வேற எண்ணைக் கையால தட்டியிருக்கான், வரிசை கோணலா போகுது பாருங்க. எப்பவோ யார்கிட்டயோ திருடின வண்டி இது," என்றார். ரெக்ஸ் கையெழுத்துப் போடாமல் போய்விட்டார், போனவர் கிளப்புக் கூட்டத்தில் விசாரித்திருக்கிறார். அப்படித்தான் நெதர்ட்டனிலிருந்து டோரீன் லவட் என்ற பெண்மணி ஃபோன் செய்தாள். அறுபத்து மூன்றில் டட்லி சினிமா கொட்டகை வாசலில் என் கோல்டு ஸ்டார் களவு போச்சு, வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். பொம்பளை கோல்டு ஸ்டார் ஓட்டினாளாம், அதை உதைச்சு ஸ்டார்ட் பண்ண ஆம்பளைக்கே கணுக்கால் பிசகும் என்று உங்கப்பா இரண்டு நாளாக அதையே முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார். பயத்தில் வந்த முணுமுணுப்பு அது.

நேற்று வந்தாள். குள்ளம், என் தோளுக்குத்தான் வருவாள், காது மறைய வெட்டிய நரைமுடி, ஆண்கள் போடுகிற பூட்ஸ். வண்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தாள், தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள், தொட்டால் அழுதுவிடுவாளோ என்று எனக்குத் தோன்றியது. அவளிடமும் காகிதம் ஒன்றும் இல்லை, எண்ணும் வழிக்கப்பட்டுவிட்டது, அப்புறம் எதைக் காட்டி உங்களுது என்கிறீங்க என்று உங்கப்பா கேட்டார். அவள் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற குழாயை, ஃபோர்க்கை, காட்டினாள். "ஸ்பிரிங் தொய்ஞ்சு போச்சு, புதுசு வாங்க வக்கில்ல. எல்லாரும் செய்யற மாதிரி மேல பழைய பென்னிக் காசு அடுக்கி இறுக்கினேன். இந்தப் பக்கம் சரியாச்சு. அந்தப் பக்கம் ஒரு காசு குறைஞ்சுது, என் பித்தளை வில்லையைப் போட்டேன். வேலைல ஸ்டோர்ல கொடுத்துட்டு ஸ்பேனர் வாங்குவோமே, அந்த வில்லை. என் நம்பர் நானூத்திப் பதினாறு," என்றாள்.

ஹேசல், அந்த வில்லை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கப்பா ஃபோர்க்கைப் பிரித்த அன்றே அந்தக் காசுகளும் வில்லையும் வெளியே வந்துவிட்டன. பென்னியெல்லாம் என் பொத்தான் டப்பாவில் கிடக்கிறது. வில்லையை அவரே தேய்த்துப் பளபளப்பாக்கி, சாவி தொலையுது தொலையுதுன்னு கத்துவியே இந்தா என்று பின்வாசல் சாவியில் மாட்டிவிட்டார், அன்றிலிருந்து சாவி தொலைந்ததே இல்லை. அந்தச் சாவி அப்போது அடுக்களையில் பின்வாசல் கதவின் உள்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, நடுவில் ஒரு சுவர்தான்; அவள் வந்தபோது கதவு திறந்து சுவரோடு சாய்ந்திருந்ததால் கண்ணில் படவில்லை. உங்கப்பா என்னைப் பார்க்கவே இல்லை. நான் பிரிச்சப்போ ஒண்ணும் இல்லம்மா, வேணும்னா கண்ணாலயே பாருங்க என்று ஸ்பேனரை எடுத்து ஃபோர்க்கின் தலை நட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை உருவிக் காட்டினார், ஒரு பக்கம் காட்டினது போதாமல் மறுபக்கமும். புது ஸ்பிரிங், எண்ணெய், வேறொன்றும் இல்லை. முப்பத்திரண்டு வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் செய்கிறேன், அவர் கூசாமல் பொய் சொல்லி நேற்றுத்தான் பார்த்தேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படியே சின்னதாகிவிட்டது. அப்ப என் வண்டி இல்ல போலிருக்கு, மன்னிச்சுக்கோங்க, சிரமம் கொடுத்துட்டேன் என்றாள். மன்னிப்பு வேறு கேட்கிறாள்!

நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இவள் போய்விட்டால் போதும், அவர் மறுபடி அந்தச் சுவரைப் பார்த்து உட்காராமல் இருந்தால் போதும் என்று என் மனசில் பாதி வேண்டிக்கொண்டது, உன்னிடம் எதற்கு மறைக்க. அவளும் நம் பக்கத்துக்காரிதானே, வந்த வழியே பின்வாசலில் போக அடுக்களைப் பக்கம் திரும்பினாள். உங்கப்பா பாய்ந்து குறுக்கே நின்று, இப்படி வாங்க, இப்படி வாங்க என்று அவளை முன்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். நம் தெருவில் யார் யாரை முன்வாசல் வழியாக அனுப்புவார்கள் நீயே சொல். கதவு அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டுகிறார், முகம் சிவந்து போகிறது, கதவு இம்மி நகரவில்லை. அவள் மெதுவாக, "என்ன சார், என்னை முன்வாசல்ல அனுப்பறீங்க? நான் கல்யாணப் பொண்ணா, பொணமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. உங்கப்பாவும் என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். பின்வாசல் திறந்துதான் இருக்கு, வாங்க என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டு அவளை முன்னால் போக விட்டேன்.

கதவுப்பிடிக்குக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள். வில்லையை விரல்களுக்கு நடுவில் பிடித்து எண்ணைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். கத்துவாள், போலீஸ் என்பாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. உங்கப்பா பின்னால் வந்து, நான் திருடலம்மா, சந்தையில காசு கொடுத்து வாங்கினேன் என்றார். "தெரியும் சார். இன்னிக்குக் காலைல வரைக்கும் நீங்க திருடல," என்றாள் அவள். சாவி உங்க வீட்டுது என்று அதை அடுக்களை மேசையில் வைத்துவிட்டு, வில்லையை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வண்டியைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் உங்கப்பா சண்டையாவது போட்டிருப்பார். எதுக்கு அவளைப் பின்வாசலுக்குக் கூப்பிட்ட என்று என்னிடம் கேட்டார். நம்ம வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் அந்த வழியாத்தான் போறாங்க என்றேன். அதோடு பேச்சு நின்றது. இராத்திரி வைத்த சாப்பாடு மேசையிலேயே இருக்கிறது. நான் செய்தது சரியா ஹேசல்? சரி என்றுதான் தெரிகிறது, ஆனால் அந்த மூடிய கதவு வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வருகிறேன்.

வியாழன்.

தபாலில் போட மனம் வராமல் இதை அப்படியே வைத்திருந்தேன். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அவர் வண்டி பக்கமே போகவில்லை. பழையபடி நாற்காலி, பழையபடி சுவர், தாடி. ரொட்டியை நனைத்துக் கொடுத்தால் இரண்டு வாய் தின்றார். தப்புச் செய்துவிட்டேன், ஒரு பித்தளைத் துண்டுக்காக மனுஷனைக் கொன்றுவிட்டேன் என்று நான் குளியலறையில் போய் அழுதேன். நேற்றுக் காலை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கீழே சரக் சரக் என்று சத்தம் கேட்டது. இறங்கி வந்தால் வீடெல்லாம் ஜில்லென்று காற்று. முன்வாசல் கதவைக் கீலோடு கழற்றி இரண்டு நாற்காலி மேல் படுக்கப் போட்டு, இழைப்புளி வைத்து ஓரத்தை இழைத்துக்கொண்டிருக்கிறார். முகம் மழித்திருந்தது. நான் டீ போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அதற்குள் தெருவே பார்த்துவிட்டது, நம் வீட்டு முன்வாசல் திறந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியுமே. ஆக்னஸ் அடுப்பிலிருந்து எடுத்த இறைச்சி அப்பத்தைச் சூட்டோடு தூக்கிக்கொண்டு, தலையில் கறுப்புத் துணி வேறு, மூச்சிரைக்க ஓடிவந்தாள். "ஐயோ வில்ஃப், யாரு போனது?" என்று கேட்டாள். உங்கப்பா இழைப்பதை நிறுத்தவில்லை. "யாரும் போகல ஆக்னஸ். வண்டிதான் போகுது," என்றார்.

சாயங்காலம் அவரே டோரீனுக்கு ஃபோன் செய்தார், நான் அடுக்களையில் இருந்து காது கொடுத்தேன். பொய் சொன்னேன் என்று அவரே சொன்னார், சுற்றி வளைக்கவில்லை. சனிக்கிழமை ஓட்டிக்கொண்டு வந்து விடுகிறேன் என்றார். ஓட்டாதீங்க, தள்ளிட்டு வாங்க, முதல் உதை நான்தான் உதைப்பேன் என்று அவள் சொல்லிவிட்டாளாம். நெதர்ட்டன் மேட்டில் அந்தப் பாரத்தை இந்த முட்டியோடு தள்ளப் போகிறார், நானும் பின்னால் ஒரு கை கொடுக்கப் போகிறேன். உன்னை அதில் ஏற்றிக்கொண்டு போவதாக அவர் உனக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அதை உன்னிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை, அதனால் நான் சொல்கிறேன். சனிக்கிழமைக்குப் பிறகு அந்த அறை காலியாகக் கிடக்கும், அதை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இது கைக்கு வந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமையே மறக்காமல் ஃபோன் செய், அப்பாவிடம் பேச வேண்டும் என்று கேள், வண்டிப் பேச்சை அவராக எடுத்தால் மட்டும் பேசு. கிரெய்கிடம் நான் விசாரித்ததாகச் சொல். நெல்லின் நெற்றியில் எனக்காக ஒரு முத்தம் கொடு. கடவுள் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அன்பு அம்மா,
ஈனிட்

சொல்ல மறந்தேன். வில்லை போன பிறகு பின்வாசல் சாவி மறுபடி எங்கேயோ தொலைந்துவிட்டது, நேற்றிலிருந்து நாங்கள் இருவரும் முன்வாசல் வழியாகத்தான் போய் வருகிறோம்.