கோடு உதிர்ந்த வரி

பாய்,

இன்று காலை ஆவடியில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணின் போனில் உங்கள் முகம் வந்தது. உங்கள் வலைப்பூவின் ஓரத்தில் இருக்குமே, பூந்தமல்லி மூக்குக்கண்ணாடிக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் அசட்டுச் சிரிப்போடு நிற்கும் படம், அதேதான். பின்னணியில் சோக வயலின். தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'அன்றே எச்சரித்த மாமனிதர்'. வேறு யாரையாவது சொல்கிறார்களோ என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். அந்தப் பெண் உங்களை முழுதாகக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் மேலே தள்ளிவிட்டாள். அடுத்து ஒருத்தி மிளகாய் பஜ்ஜி போட ஆரம்பித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அம்பத்தூரில் இறங்காமல் பட்டரவாக்கம் வரை போய்த் திரும்பினேன்.

நீங்கள் போன பிறகு ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்கிறேன். ஆளாளுக்கு ஒரு மைக். காலையில் அரசியல், மதியம் மூட்டுவலி வைத்தியம், சாயங்காலம் புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தீர்ப்பு, எல்லாம் ஒரே வாய். 'எனக்குத் தெரியாது' என்ற ஒரு வார்த்தையை மட்டும் எந்த வாயிலிருந்தும் கேட்க முடியவில்லை. பார்க்கிற கூட்டம் அதற்கு மேல். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்கிற கதைதான்.

வலைப்பூ எழுதிய நாம் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பீர்கள். கேளுங்கள். நம்மிடமும் அலட்டல் இருந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சை எழுத்து வைத்துப் படிக்கிறவர் கண்ணைக் கெடுத்து, அவருக்கே கண்ணாடி விற்றவர் நீங்கள். 'மீ த பர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் போட்டுவிட்டு, பதிவைப் படிக்காமலே ஓடியவர்களும் நம் ஆட்கள்தான். பூந்தமல்லியில் பதிவர் சந்திப்பு என்று அறிவித்து, பெரிய கூட்டம் வரும் என்று அண்டா நிறைய சமோசா வாங்கி வைத்தீர்கள். வந்தது நான், என் வீட்டுக்காரர், திருநின்றவூரிலிருந்து ஒரு கவிஞர். கவிஞர் வாசிக்க ஆரம்பித்ததும், வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போன என் வீட்டுக்காரர் திரும்பவே இல்லை.

ஆனால் அந்த அலட்டலுக்குள்ளேயும் ஒரு ஒழுங்கு இருந்தது பாய். பின்னூட்டம் போட்ட ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லிப் பதில் எழுதுவோம், திட்டியவருக்கும்கூட. தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டோம். வரியின் மேல் கோடு போட்டு, பதிவின் கடைசியில் 'திருத்தம்' என்று எழுதி, சுட்டிக் காட்டியவரையும் குறிப்பிடுவோம். அந்தக் கோட்டில்தான் இப்போது வினை வந்து சேர்ந்தது.

சேக்காட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குட்டையைப் பற்றி எழுதினீர்களே, அந்தப் பதிவு. யாரோ இடித்த கட்டடத்தின் கல்லையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொட்டி அதைத் தூர்த்துக்கொண்டிருந்தார்கள். 'தூர்ப்பது வேறு யாருமல்ல, எதிரே ஜல்லி, மணல் விற்கும் கடைக்காரர்தான்' என்று ஒரு வரி எழுதிவிட்டீர்கள். பெயரையும் போட்டீர்கள். அவர் கடை வாசலில் லாரி நின்றதைப் பார்த்ததுதான் ஆதாரம். மறுநாளே பெயர் சொல்லாத ஒரு அனானி பின்னூட்டத்தில் வந்து, அது அவருடைய லாரி இல்லை, கொட்டாதே என்று மறித்து அங்கே நிறுத்தியதே அவர்தான் என்று எழுதினார். அக்கம்பக்கத்தில் விசாரித்தீர்கள். உண்மைதான்.

மொபெட்டில் பூந்தமல்லியிலிருந்து வந்து, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனீர்கள். கடைக்காரருக்கு வலைப்பூ என்றால் என்னவென்றே தெரியாது. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் அந்த வரியைப் படித்துக் காட்டியிருந்தான்.

"மன்னிச்சிடுங்க நைனா. விசாரிக்காம எழுதிட்டேன்" என்றீர்கள்.

"சரி வுடு பாய். அத்த அழிச்சிடு, மேட்டர் முடிஞ்சிது."

"அழிச்சா நான் தப்பே பண்லன்னு ஆயிடும். கோடு போட்டு வக்கிறேன். வர்றவன் போறவன்லாம் பாக்கட்டும்."

"இன்னா பாய், வெக்கமா இல்லியா?"

"வெக்கமாத்தான் கீது. இருந்துட்டுப் போவட்டும்."

அவர் சிரித்துவிட்டு மூன்று டீ சொன்னார்.

இந்த வருஷ மழைக்கு எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். குட்டை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது, தண்ணீர் வேறு எங்கே போகும்? எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்கள். முழுகுகிற தெருவிலும் பிடுங்கலாம் என்று காட்டினான் ஒருவன். ஏரியாச் செய்தி என்று ரீல்ஸ் போட்டுப் பிழைக்கிறவன். எங்கேயோ தேடி உங்கள் பதிவைப் பிடித்தான். அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்தான். நகலெடுத்தபோது கோடு உதிர்ந்துவிட்டது பாய், எழுத்து மட்டும் போனது. நீங்கள் வெட்கப்பட்டு அடித்த வரி, அடிக்காத வரியாக, உங்கள் படத்தோடும் வயலினோடும் ஊரெல்லாம் சுற்றியது.

கடைக்காரருக்கு எழுபது தாண்டிவிட்டது. கடையை மகன் பார்க்கிறான். வாசலில் நாலு பேர் நின்று கெட்ட வார்த்தையில் கத்தினார்கள். கத்தியதையும் படம் எடுத்துப் போட்டார்கள். கோயிலுக்குப் போன பெரியவரைப் பார்த்து யாரோ 'குட்டைய முழுங்குன ஆளு' என்று சொல்ல, அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நான் சும்மா இருப்பேனா? வீடியோவுக்குக் கீழே உங்கள் பதிவின் சுட்டியைக் கொடுத்து, அந்த வரி தப்பு என்று அவரே அடித்துவிட்டார் என்று எழுதினேன். 'லிங்க்லாம் யாரு படிப்பா, ரெண்டு லைன்ல சொல்லுங்க ஆன்ட்டி' என்றது ஒரு ஜென்மம். நான் காசு வாங்கிவிட்டேன் என்றது இன்னொன்று. மற்றதெல்லாம் கைகூப்புகிற பொம்மைகள். கடைசியில் அந்த வீடியோக்காரனின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன்.

"நானாக்கா எழுதுனேன்? அவரு எழுதுனதத்தான போட்டேன்" என்றான்.

"அது மேல கோடு போட்டிருந்ததே, பாக்கலையா?"

"பாத்தேன்கா. ஏதோ டிசைன்னு நெனச்சேன்."

"கீழே திருத்தம்னு இருந்ததே?"

"அவ்ளோ தூரம் போலக்கா. வீடியோ இப்பத்தான் நல்லா போய்க்கினு கீது. ரெண்டு நாள் கழிச்சி எடுத்துடட்டா?"

டிசைனாம். ஒரு மனுஷன் தன் தப்பை ஒப்புக்கொண்டு எழுதின எழுத்தை அடித்து வைப்பான் என்பதே அவன் புத்திக்கு எட்டவில்லை. அப்படி ஒருத்தரை அவன் பார்த்ததில்லை போலிருக்கிறது. இரண்டு நாள் கழித்துச் சத்தமில்லாமல் வீடியோவை எடுத்தான். தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் திருமழிசையில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடையில் எலும்பைக் கடித்தபடி அடுத்த வீடியோவில் வந்து நின்றான். அவன் எடுத்து என்ன பயன்? அதற்குள் ஊரே அதை இறக்கி, ஆளாளுக்குத் திரும்பப் போட்டுவிட்டது. அதில் ஒன்றுதான் இன்று ரயிலில் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்காரரின் மகன் என் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோது, 'குப்பைப் பின்னூட்டம் வந்தா கூட்டித் தள்ளிடு தங்கச்சி' என்று கடவுச்சொல்லை என்னிடம் கொடுத்தீர்கள் அல்லவா, அது அவனுக்குத் தெரியும்.

"அந்த லைன எடுத்துடுங்க ஆன்ட்டி. இருந்தா நாளைக்கி இன்னொருத்தன் எடுத்துப் போடுவான். அப்பா சரியா சாப்புடறதுகூட இல்ல."

அவன் கேட்டதில் என்ன தப்பு? செத்தவருடைய கொள்கை பெரிதா, உயிரோடு இருப்பவருடைய மானம் பெரிதா? அழித்துவிடுவது என்றுதான் முடிவு செய்தேன், உங்களிடம் என்ன ஒளிவுமறைவு. பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வோம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். எழுப்பி உட்காரவைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் பெயரின் மேல் ஓடும் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இத்தினி வருசமா இப்டியேவா கீது? பாய் அழிக்கவே இல்லியா?"

"இல்லைங்க. இப்ப நான் அழிச்சிடறேன்."

அவர் சொன்னார்: "வாணாம்மா. நான் பண்லன்றதுக்கு எனுக்கு கீற ஒரே சாட்சி இந்தக் கோடுதான். அத்தயும் எடுத்துட்டா, வீடியோக்காரன் சொன்னதுதான நிக்கும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது பாய். வலைப்பூ என்றால் என்னவென்று தெரியாத மனுஷர் அவர். நான் அத்தனை வருஷம் எழுதியும் அது எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே மகன் அந்தப் பக்கத்தைக் கோட்டோடும் திருத்தத்தோடும் பெரிதாக அச்செடுத்துக் கடை வாசலில் ஒட்டினான். மறுநாள் காலை பெரியவர் அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பால் வாங்கப் போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களும் கடைசி வரை படிக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் அவரையே கேட்கிறார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் விசாரித்துப் பதில் சொல்கிறார். உங்களுக்குப் பின்னூட்டத்தில் ஒரு போட்டியாளர் வந்துவிட்டார் பாய்.

மாமனிதர் பட்டமெல்லாம் அந்த வயலின்காரர்களே வைத்துக்கொள்ளட்டும். உங்களிடமிருந்து எனக்கு வந்தது அந்த வெட்கம் ஒன்றுதான். எதை எழுதினாலும் அது கூடவே வருகிறது. இந்த மடலையும் உங்கள் வலைப்பூவிலேயே, என் பெயரில் போடுகிறேன்.

திருத்தம்:

வீடியோக்காரன் 'அந்தக் கடைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை' என்று மேலே எழுதியிருந்தேன். இதைப் போட்ட பிறகு கடைக்காரரின் மகன் போன் செய்தான். இன்று சாயங்காலம் அவன் கடைக்கு வந்தானாம். ஒட்டியிருந்த தாளை முழுக்கப் படித்தானாம். போனைப் பையிலிருந்து எடுக்கவே இல்லையாம். பெரியவர் எதிரே போய் நின்று 'தாத்தா' என்று மட்டும் சொன்னானாம். அவர் டீ சொல்லியிருக்கிறார். அவன்மேல் எனக்கு இருக்கும் இளக்காரம் போய்விடவில்லை. என்றாலும் அந்த வரி தப்பு. அழிக்கவில்லை, கோடு போட்டிருக்கிறேன். யாராவது நகலெடுத்தால் கோடு உதிர்ந்துவிடும் என்பதால் இங்கேயும் எழுதி வைக்கிறேன். சுட்டிக் காட்டியவர்: கடைக்காரரின் மகன்.

வெட்கமாகத்தான் இருக்கிறது பாய். இருந்துவிட்டுப் போகட்டும்.