ஜெபா சொன்ன ‘வாறேன்’

சனிக்கிழமை

இன்று சர்ச் ஹாலில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு ஊரே சேர்ந்து சுவரில் படம் வரைந்தது. என் மகள் ஜெபா பெயிண்ட் பக்கமே போகவில்லை. “வா மோளே” என்று எத்தனையோ தடவை மலையாளத்தில் கெஞ்சினேன்.

படம் வரையச் சொல்லிக்கொடுக்க வந்த காஞ்சிரங்குளத்து ஓவியக்காரி நீலம் பூசிய கையை நீட்டி, தமிழில், “மக்கா, வாறியா?” என்றாள்.

“வாறேன்” என்றாள் ஜெபா. ஏழு வயதில் அவள் சொன்ன முதல் பதில். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த நீலக் கையைத் தட்டிவிடத் தோன்றியது.

ஒரே மொழி பேசினால்தான் பேச்சு வரும், பள்ளிக்கூடத்தில் பேசும் மலையாளமே போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, மூன்று வருடமாக அவளிடம் நான் தமிழே பேசவில்லை. அதற்கு முன்பு அவளை ‘மக்கா’ என்று கூப்பிட்டது நானாக்கும்!

கிளம்பும்போது, “மக்கா, வீட்டுக்கு வாறியா?” என்றேன். ஜெபா முகம் மலர்ந்து, அந்த ஓவியக்காரி எங்கே என்று தேடினாள்.