களை எடுக்காத பாத்தி

அன்புள்ள உங்களுக்கு,

காலையில் நம் வயலுக்குப் போனேன். ஆராய்ச்சிக்காகக் களை எடுக்காமலே நான் விட்டிருந்த பாத்தியில் ஒரு புல்கூட இல்லை. களை எவ்வளவு விளைச்சலைத் தின்கிறது என்று காட்ட இருந்ததே அது ஒன்றுதான். இந்தப் போகத்து உழைப்பு முழுக்கப் போயிற்று.

பக்கத்து வயல் தார்மி அக்காவும் சில பெண்களும் சேற்றுக் கையோடு வரப்பில் நின்றார்கள்.

"யார் பிடுங்கினது?" என்று கத்திவிட்டேன்.

"நாங்கதாம்மா. கோரை இடுப்பு உசரத்துக்கு நின்னுச்சே!"

"அது வேணும்னே விட்டது, அக்கா!"

"ஆமா, வேணும்னு விடுவாங்க!" என்று சிரித்த அக்கா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "புருஷன் விட்டுட்டுப் போனா மனசு எங்க வயல்ல நிக்கும்? எங்களுக்குத் தெரியாதா?"

நீங்கள் சுரபாயா நகரத்துக்கு வேலைக்குப் போயிருப்பதாகத்தான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பெருநாளுக்கு நீங்கள் அனுப்பியதென்று இனிப்புகூடப் பங்கிட்டேன். இவர்களும் வாங்கித் தின்றார்கள், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

அக்கா வாழையிலைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் கையில் வைத்தாள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டேன்.

உங்கள் சட்டைகளை மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் தங்கையிடம் இந்தக் கடிதத்தோடு அவற்றையும் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
நான்