மாதா தேர் வடம்

விழுப்புரம்
18.8.85

குருமடத்தில் சாமியாருக்குப் படிக்கும் அன்பு அண்ணனுக்கு,

உன் மச்சானைத் திண்டிவனத்திலிருந்து இங்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். உயிருக்குப் பயமில்லை. வலது கை இனி உதவாதாம்.

திருநாளன்று மாதா தேர் சேற்றில் சிக்கிக்கொண்டது. இவர் ஓடிப்போய் வடத்தைப் பிடித்தார். நம் தெருக்காரர்கள் தொடக்கூடாத, மேலத்தெருக்காரர்கள் மட்டும் தொடும் வடம் அது. பங்குச் சாமியார் இறங்கி வந்து எல்லோரும் பார்க்க இவரைக் கன்னத்தில் அறைந்தார். இவர் வடத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

பொழுது சாயுமுன் மேலத்தெருக்காரர்கள் தடியோடு கும்பலாக வந்தார்கள். இவரைத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். வடம் பிடித்த கையைக் கல்மேல் வைத்து நசுக்கினார்கள். நான் காலில் விழுந்து கதறினேன்.

"சாமியாரே அடிச்சாரு. நாங்க அடிச்சா என்னா பாவம்?" என்றான், உன்னோடு பூசைக்கு உதவிய சூசைநாதன்.

போலீஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தபோது இவர், "மரத்துலேர்ந்து வுழுந்துட்டேங்க" என்றார். அவர்கள் வெளியே போனதும் என்னிடம், "சாமியார் பேரை இழுக்காத. அவரு நல்லபடியா எழுதிக் குடுத்தாதான் ஒங்கண்ணனுக்குக் குருப்பட்டம்" என்றார்.

நான் வராந்தாவுக்கு ஓடி அவர்களை நிறுத்தினேன். சாமியார் அறைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உன் பட்டம் நின்றுபோனால் அதற்கு நான்தான் காரணம், அண்ணா. இவர் இல்லை.

உன் தங்கை