பெயர் ஒட்டாத புட்டிகள்

ஜூன் 9, திங்கள்

கச்சிராயபாளையம் பஸ் இன்றும் கழுத்தறுத்தது. துறைக்குள் நுழைந்ததுமே தலைவர் தீனதயாளன் சார் கூப்பிட்டார். "சமத்துவக் குழுவுக்கு நீங்கதான் ஒருங்கிணைப்பாளர், மணிமொழி. மேலேருந்து கேட்டுக்கினே இருக்காங்க. ஒரு கூட்டம் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பிடுங்க."

போட்டோ போதுமாம்.

ஜூன் 12, வியாழன்

கண்ணாடிப் புட்டிகளில் குருத்தை வைத்துக் கன்று வளர்க்கும் வளர்ப்பு அறையில், மூன்று கரும்புப் புட்டிகளில் பூஞ்சை. யாருடைய புட்டி என்றுகூடப் பார்க்காமல் ஆய்வு மாணவி ராதிகா கேட்டாள்: "தேவதர்ஷினி உள்ள வந்தாளா?" வந்திருந்தாள். உடனே எல்லோரும் தலையாட்டினார்கள்.

கல்வராயன் மலையின் பழங்குடிக் கிராமத்திலிருந்து எங்கள் துறைக்கு வந்த முதல் ஆய்வு மாணவி அவள். பூஞ்சையை உடம்போடு கொண்டுவருகிறாளாம். அதனால் அவள் மட்டும் இரண்டு தடவை கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யார் போட்ட சட்டம்? கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. நுண்ணுயிர் படித்தவர்கள்தானே நாங்கள்?

அக்டோபரில் ஆய்வுக்குழு முன்னால் அவள் தன் கன்றுகளைக் காட்ட வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து.

ஜூன் 16

கூட்டம். பேச்சு வேண்டாம், சோதித்தே பார்த்துவிடுவோம் என்றேன். ஒரு மாதத்துக்குப் புட்டிகளில் பெயர் கூடாது, எண் மட்டும். பூஞ்சை யாரைத் தேடிப் போகிறது பார்ப்போம். சார் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

எந்த எண் யாருடையது என்று பிரித்துப் பார்த்தோம். பூஞ்சை அதிகம் சுபாஷுக்கு — சாரின் செல்ல மாணவன். தேவதர்ஷினிக்கு ஒன்றுகூட இல்லை.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவள் புட்டிகளைத் தனித் தட்டில் அடுக்கி, பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டினேன். எல்லோரும் பார்க்கட்டும். அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "பேரு வேணாம் மேடம்." கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன்.

வாசலில் சார் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். அவர் யாருக்கும் ஒதுங்கி நான் பார்த்ததில்லை.

ஜூலை 21

எல்லோரும் ரொம்ப மரியாதையாக இருக்கிறார்கள்.

ஜூலை 28, திங்கள்

அவள் தட்டு முழுக்கக் கறுப்பு. மற்றதெல்லாம் பச்சை. அவளுடைய மூடிகள் மட்டும் தளர்ந்திருந்தன — யாரோ வேணும்னே தொறந்திருக்காங்க. வேற எப்படி? லீவு நாள்ல சாவி யார்கிட்ட இருந்துச்சு?

"பாத்தீங்களா," என்றார் சார், மெதுவாக. "அந்தப் பொண்ணுக்கு ஆசை காட்டிட்டீங்க. பாவம்."

எந்தத் தட்டு என்று நான்தானே கைகாட்டிக் கொடுத்தேன். அத்தனை பெரிய எழுத்தில்.

தேவதர்ஷினி அழவில்லை. "முதல்லேருந்து போடறேன் மேடம். இன்னா ஆவுதுன்னு பாப்போம். ஆனா பேரு ஒட்ட மாட்டேன்."

ஆகஸ்ட் 4

சார் உத்தரவு: எல்லாப் புட்டியிலும் பெயர் கட்டாயம். ஒட்டாததைக் குப்பையில் கொட்டிவிடுவாராம். அவள் இன்னும் ஒட்டவில்லை. பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 11

ராதிகா தானாக வந்து நின்றாள். "என் பேரைக் கிழிச்சிட்டேன் மேடம். நானும்தான் அவளைச் சொல்லிக்கினு இருந்தேன். இன்னிக்கி அவ தட்டு. நாளைக்கி யாரோடது?"

ஆகஸ்ட் 14

சுபாஷைத் தவிர எல்லோரும் கிழித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 1, திங்கள்

வளர்ப்பு அறைக்குப் புதுப் பூட்டு. சாவி சாரிடம் மட்டும். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எல்லாத் தட்டும் பச்சை. சார் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல அந்தப் பொண்ணோடது எதுங்க?"

"தெரியாதுங்க சார்."

நிஜமாகவே தெரியாது. பூட்டு வருவதற்கு முன்பே பிள்ளைகள் புட்டிகளைக் கலந்து வைத்திருக்கிறார்கள். எது தன்னுடையது என்று அவரவருக்கு மட்டும் தெரியும். சார் சுபாஷின் பெயரைத் தேடினார். நானும் தேடினேன். எங்கும் இல்லை. அவனும் கிழித்திருக்கிறான்; இனிக் கொட்டினால் அவன் புட்டியும் சேர்ந்தே போகும்.

சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் அங்கேயே நின்றார்.