மூன்றாவது பன்றி

கச்சால் தீவு, நிக்கோபார்,
ஞாயிற்றுக்கிழமை.

என் தங்கப் பேத்திக்கு,

நீ நர்ஸ் படிப்பை முடித்ததை ரப்பர் தோட்டத்து லயம் முழுக்க, வீடு வீடாகச் சொல்லிவிட்டேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி நர்ஸ் என்று நிமிர்ந்துதான் நடக்கிறேன்.

அம்மா ஏன் போனில் பேசுவதில்லை என்று கேட்டாய். போன் உன் அப்பனிடம் இருக்கிறது. அவளுக்குத் தாடை வீங்கி, கஞ்சிதான் இறங்குகிறது. வழுக்கி விழுந்தாளாம். நம் வீட்டுத் தரை மழையிலும் வழுக்காது, உனக்கே தெரியும்.

கொசு மருந்து அடிக்க வீடு வீடாக வரும் சுகாதாரக்காரர் அவளைப் பார்த்தார். "இதுக்கும் ஒரு மருந்து அடிங்களேன், சார்" என்றேன். "கர் கா மாம்லா ஹை, மாஜி" என்றார். வீட்டு விவகாரமாம். சுவரில் தேதி போட்டுவிட்டுப் போய்விட்டார்.

போன தடவை உன் மாமன்மார் வந்து அவளைக் கூட்டிப்போனார்கள். அவர்களுடைய நிக்கோபாரி ஊரில் தலைவரைக் கேப்டன் என்பார்கள்; அவர்தான் பேசி முடித்தார். அவர்கள் வழக்கப்படி உன் அப்பன் செய்ததற்கு ஈடாக ஒரு பன்றி கொடுத்தான். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் திரும்பி வந்தாள். அதற்கு முந்தின தடவையும் ஒரு பன்றிதான்.

அவன் நான் பெற்றவன்.

கப்பலில் இடம் கிடைத்தால் வா. வந்து என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று உன் அப்பன் ஒரு பன்றிக்குட்டி வாங்கி வந்து கட்டியிருக்கிறான். நம் வீட்டில் யாரும் பன்றி வளர்த்ததில்லை. உன் அம்மாதான் அதற்குத் தேங்காய் துருவிப் போடுகிறாள்.

உன் அப்பாயி