சத்தமில்லாத தோட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சனிக்கிழமை, என்னோடு வேலை செய்யும் மிதுனா துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப்போனாள். பயப்படாதீர்கள், அட்டையைத்தான் சுடுவார்கள். அவளுடைய தோட்டா ஒலியை விட மெதுவாகப் போவதால் சத்தம் பெரிதாக வராதாம். ஆனால் நான் காதுமூடியைச் சரிசெய்யும்போது பக்கத்தில் ஒருவர் சாதாரணத் தோட்டாவால் சுட்டார். ஊரில் சண்டைக் காலத்தில் பழகியபடியே நான் குப்புற விழுந்துவிட்டேன்.

இங்கேயே பிறந்தவள் மிதுனா. "அக்கா, படுத்துச் சுடுறதுதான் சரி! உங்களுக்கு முதலே தெரியுமோ?" என்றாள்.

"ஓம்," என்றேன். எழும்ப வெட்கம். படுத்தபடியே அவளுடைய துப்பாக்கியை வாங்கி விசையை அழுத்தினேன்.

"எப்ப வெடிக்கும்?"

"அக்கா, அது வெடிச்சிட்டுது!"

அட்டையின் நடுவில் ஓட்டை. கழகத்தில் சேரச் சொல்கிறார்கள்.

அம்மா, நான் போன் எடுக்கும்போது, அந்தச் சடசடப்பு எனக்குச் சூட்டுச் சத்தம் போலக் கேட்கும் என்று இனித் தையல் மெசினை நிறுத்தாதீர்கள். அது ஓட ஓடவே கதையுங்கள்.

வேலைக்குப் போகிற ரயில் வந்துவிட்டது, இத்தோடு முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
ராகவி